கிராக்கோவின் யூதத் தெருக்களை யாரோடு நடந்து பார்ப்பது?

போலந்துக்குப் போகிறவர்கள் கிராக்கோவ் நகரத்துக்கு எப்படியும் இரண்டு மூன்று நாள் ஒதுக்குவார்கள். வாவெல் கோட்டை ஒரு காலை, பெரிய சந்தைச் சதுக்கம் ஒரு மாலை, நாஜிகளின் கொலை முகாம் இருந்த ஆஷ்விட்ஸுக்கு ஒரு முழு நாள். அப்புறம் நகரத்துக்குள்ளேயே இருக்கிற யூதப் பகுதியை எப்படிப் பார்ப்பது என்ற கேள்வி வரும். டிப்ஸ் மட்டும் வாங்கும் இலவச நடை, காசு கட்டிச் சேரும் சின்னக் குழு, நமக்கென்று தனி கைடு, பேட்டரி வண்டி, கையில் மேப்போடு நாமே நடப்பது என்று ஐந்து வழி இருக்கிறது. பதிவு செய்யும் தளங்களில் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே வர்ணனைதான் இருக்கும். படித்து முடிவெடுக்க முடியாது.

என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விஸ்துலா ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் பழைய யூதப் பகுதியான கஸிமியெஷுக்குக் காசு கொடுத்து நல்ல கைடு ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் போட்கூஷேயை நீங்களே பாருங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். பெரும்பாலான நடைகள் இரண்டையும் சேர்த்து இரண்டரை மணி, மூன்று மணி நேரத்தில் முடித்துவிடும். அதனால்தான் எதை எடுப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஊரின் அமைப்பு தெரிந்தால் இது எளிதாகப் புரியும். கஸிமியெஷ் ஒரு காலத்தில் தனி ஊர். போலந்து மன்னர் மூன்றாம் கசிமிர் 1335-இல் நிறுவி, தன் பெயரையே அதற்கு வைத்தார். கிராக்கோவில் வாழ்ந்த யூதர்களை 1495-இல் அங்கிருந்து வெளியேற்றி இங்கே குடியேற வைத்தார்கள். கிராக்கோவுக்கும் கஸிமியெஷுக்கும் நடுவே விஸ்துலா ஆற்றின் ஒரு கிளை ஓடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைத் தூர்த்துவிட்டார்கள். இன்று டிராம் ஓடும் அகலமான டீட்லா சாலைதான் அந்தப் பழைய ஆற்றுப் படுகை. கஸிமியெஷில் யூதர்கள் நானூறு ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார்கள், படித்தார்கள், வியாபாரம் செய்தார்கள், தங்களுக்குள் சண்டையும் போட்டுக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு கிராக்கோவில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் இருந்தார்கள். நகர மக்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர்.

போட்கூஷேயின் கதை வேறு. 1941 மார்ச்சில் நாஜிகள் கெட்டோவை, அதாவது யூதர்களைச் சுவருக்குள் அடைத்துவைக்கும் பகுதியை, அமைத்தது அங்கேதான். அதற்கு முன் ஏறத்தாழ 3,000 பேர் வசித்த சில தெருக்களுக்குள் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அடைத்தார்கள். 1942 ஜூனிலும் அக்டோபரிலும் ரயில்கள் பெல்ஸெக் கொலை முகாமுக்குப் போயின. 1943 மார்ச் 13, 14 தேதிகளில் கெட்டோவை முழுவதுமாகக் காலி செய்தார்கள். மொத்தம் இரண்டே ஆண்டுகள்.

ஒரு பக்கம் நானூறு ஆண்டு வாழ்க்கை, இன்னொரு பக்கம் இரண்டு ஆண்டுக் கொடுமை. சேர்த்து நடத்தும் நடைகளில் அந்த இரண்டு ஆண்டு முன்னதை விழுங்கிவிடும். கேட்பவர்கள் மனமும் அங்கேதான் போகும், கைடுக்கும் அதைச் சொல்வது சுலபம். நடை முடியும்போது யூதர்கள் என்றால் கொல்லப்பட்டவர்கள் என்ற எண்ணம் மட்டுமே மிஞ்சுகிறது. அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது கையில் ஒட்டுவதே இல்லை. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

இலவச நடையிலிருந்து தொடங்கலாம், பலரும் முதலில் பார்ப்பது அதைத்தான். பழைய நகரத்திலோ கஸிமியெஷிலோ ஓர் இடத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு கைடு நிற்பார். கட்டணம் இல்லை, கடைசியில் மனதுக்குத் தோன்றியதைக் கொடுக்கலாம். கைடுகளில் பலர் இளைஞர்கள், நன்றாகப் பேசுவார்கள், நகைச்சுவையாகவும் சொல்வார்கள். அவர்கள் வருமானமே அந்த டிப்ஸ்தான். அதனால் ஒன்றும் கொடுக்காமல் நழுவுவது அழகல்ல. நகரத்துக்கு அறிமுகம் என்ற அளவில் இந்த நடை நல்லது. ஆனால் யூதப் பகுதிக்கு இதில் இரண்டு சிக்கல்.

முதலாவது கூட்டம். கோடைக்காலத்தில் நான் சேர்ந்த ஒரு நடையில், கஸிமியெஷின் ஷெரோகா தெருவில் கைடு பேசியது பின்வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்கவே இல்லை. பக்கத்து உணவகத்தின் பாட்டுதான் கேட்டது. இரண்டாவது சிக்கல் அதைவிடப் பெரியது. இந்த நடைகள் எந்தக் கதவுக்குள்ளும் போவதில்லை. யூதர்கள் வழிபடும் ஜெப ஆலயங்களுக்கும் பழைய கல்லறைக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு, அவ்வளவு பெரிய கூட்டத்தை உள்ளே கூட்டிக்கொண்டு போகவும் முடியாது. ஆகவே தெருவில் நின்றபடியே, “இதுதான் ரெமு ஜெப ஆலயம், பிறகு வந்து பாருங்கள்” என்று சொல்லிவிட்டு நகர்வார்கள். அந்தப் ‘பிறகு’ பலருக்கு வருவதில்லை.

கஸிமியெஷில் பார்க்க வேண்டியது எல்லாம் உள்ளேதான் இருக்கிறது. ரெமுவையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய சின்ன ஆலயம். இன்றும் வழிபாடு நடக்கிறது. அதை ஒட்டிய கல்லறையில் ரபி (யூத மதகுரு) மோசே இசெர்லெஸ் அடக்கமாகி இருக்கிறார், 1572-இல் மறைந்தவர். யோசேஃப் காரோ என்ற அறிஞர் எழுதிய யூதச் சட்டத் தொகுப்புக்கு, மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வழக்கங்களைச் சேர்த்து இசெர்லெஸ் எழுதிய குறிப்புகளைத்தான் இன்றும் உலகெங்கும் அந்த வழி வந்த அஷ்கெனாசி யூதர்கள் பின்பற்றுகிறார்கள். அவர் கல்லறையைத் தேடி வருகிறவர்கள் சின்னக் காகிதத்தில் வேண்டுதல் எழுதி வைத்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்துக் கல்லறைகள் மேல் கூழாங்கற்கள் இருக்கும். பூ வைப்பதற்குப் பதிலாகக் கல் வைப்பது யூதர் வழக்கம்.

அந்தக் கல்லறையின் சுற்றுச்சுவரில், ஷெரோகா தெருப் பக்கம், உடைந்த கல்லறைக்கற்களின் துண்டுகளைப் பதித்து ஒரு சுவர் எழுப்பியிருக்கிறார்கள். ஒரு துண்டில் ஆசிர்வதிக்கும் இரண்டு கைகள், இன்னொன்றில் ஒரு ஜாடி, வேறொன்றில் பாதியில் நின்றுபோன எபிரேய வரி. கைகள் இருந்தால் இறந்தவர் கோஹென் என்னும் குருமார் குலத்தவர், ஜாடி இருந்தால் குருமாருக்கு உதவிய லேவியர் குலத்தவர். விஷயம் தெரிந்த கைடு பக்கத்தில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் இதைக் காட்டிவிடுவார். அதன் பிறகு சுவரில் ஆட்கள் தெரியத் தொடங்குவார்கள். தனியாகப் போனால் அது அழகான சுவர், ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இன்னொரு உதாரணம். கஸிமியெஷின் பழைய வீடுகளில் சிலவற்றின் வாசல் நிலையில், உள்ளே நுழையும்போது வலப்பக்கம், தோள் உயரத்துக்குச் சாய்வாக ஒரு பள்ளம் இருக்கும். விரல் நீளம்தான். மேலே எத்தனையோ முறை பெயின்ட் அடித்திருப்பார்கள். அங்கே ஒரு காலத்தில் மெசூசா இருந்தது. வேத வசனம் எழுதிய தோல்சுருளை உள்ளே வைத்து வாசலில் பதிக்கும் சிறிய உறை அது. வீட்டுக்காரர்கள் போய்விட்டார்கள், உறையும் போய்விட்டது, மரத்தில் அதன் தடம் மட்டும் நிற்கிறது. இதைக் கைடு இல்லாமல் கண்டுபிடிப்பது அநேகமாக நடக்காது. கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் அந்தத் தெருவின் ஒவ்வொரு வாசலையும் கண் தேடும்.

அதனால்தான் கஸிமியெஷுக்குக் காசு கட்டிய சின்னக் குழு. பத்துப் பேருக்குள் இருந்தால் நல்லது. ரெமுவுக்குள்ளும், பழைய ஜெப ஆலயம் அல்லது ஐசக் ஜெப ஆலயம் இரண்டில் ஒன்றுக்குள்ளும் அழைத்துப் போக வேண்டும். பழைய ஜெப ஆலயம் பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. போலந்தில் இன்று நிற்கும் ஜெப ஆலயங்களில் மிகப் பழமையானது. இப்போது நகர அருங்காட்சியகத்தின் கிளை. ஐசக் ஆலயத்தின் சுவர்களில் எழுதிய பிரார்த்தனை வரிகள் இன்றும் தெரிகின்றன. புத்தகம் அரிதாக இருந்த காலத்தில் சுவரைப் பார்த்துப் படித்து ஜெபித்திருக்கிறார்கள்.

டாய்வோர் தெருவில் உள்ள கலீசியா யூத அருங்காட்சியகம் போன்ற இடங்கள் நடத்தும் நடைகளையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். அங்குள்ள புகைப்படக் கண்காட்சியே தென்போலந்தில் எஞ்சியிருக்கும் யூதத் தடங்களைப் பற்றியதுதான். அதைப் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்கினால் கண் ஏற்கெனவே பழகியிருக்கும்.

தனி கைடு இன்னும் நல்லது, விலையும் கூடுதல். இரண்டு பேருக்குக் கட்டுப்படியாகாது. நாலைந்து பேர் உள்ள குடும்பம் என்றால் தலைக்கு வரும் தொகை சின்னக் குழுவின் கட்டணத்துக்கு அருகில் வந்துவிடும். நம் ஊரிலிருந்து அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். தமிழில் சொல்லும் கைடு கிடைக்கமாட்டார். ஆங்கிலத்தில் அவர் சொல்ல, நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். குழுவில் அது மற்றவர்களுக்குத் தொந்தரவு. தனி கைடு என்றால் நிறுத்தி நிதானமாகப் பேசுவார். கஸிமியெஷில் கருங்கல் பாவிய தெருக்கள் நிறைய, முட்டி வலி உள்ளவர்களுக்கு அடிக்கடி உட்கார இடம் வேண்டும். அதையும் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

பணம் கொடுத்தால் நல்ல கைடு கிடைத்துவிடுவார் என்றும் நம்பிவிடக் கூடாது. போலந்தில் 2014 முதல் நகர கைடு வேலைக்குக் கட்டாய உரிமம் இல்லை, யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆகவே பதிவு செய்வதற்கு முன் மின்னஞ்சலில் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள்: எந்த ஆலயத்துக்குள் போவோம், நுழைவுச் சீட்டு கட்டணத்தில் சேர்ந்ததா, குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர், போருக்கு முந்தைய வாழ்க்கைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவீர்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதில் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். பதிலில் முழுக்க, தன் தொழிற்சாலையில் வேலை கொடுத்து யூதர்களைக் காப்பாற்றிய ஜெர்மன் தொழிலதிபர் ஷிண்ட்லர் மட்டுமே இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஷிண்ட்லர் பேச்சு வந்ததால் இதையும் சொல்ல வேண்டும். 1993-இல் வந்த ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ படத்தின் கெட்டோ காட்சிகளில் பல கஸிமியெஷில் எடுக்கப்பட்டவை. யூசெஃபா தெருவை ஒட்டிய ஒரு முற்றத்தில் இன்றும் சுற்றுலாக் கூட்டம் நிற்கும். ஆனால் உண்மையான கெட்டோ அங்கே இல்லை, ஆற்றுக்கு அப்பால் இருந்தது. நல்ல கைடு இதைத் தெளிவாகச் சொல்வார். சிலர் சொல்லாமலே விட்டுவிட, வந்தவர்கள் அந்த முற்றத்தையே கெட்டோ என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள்.

பேட்டரி வண்டியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சந்தைச் சதுக்கத்திலிருந்தே கூப்பிடுவார்கள், பல மொழிகளில் பதிவு செய்த குரல் ஓடும், கஸிமியெஷும் போட்கூஷேயும் ஷிண்ட்லர் தொழிற்சாலையும் ஒரே சுற்றில் முடிந்துவிடும். நடக்கவே முடியாதவர்களுக்கு இது வரம். மற்றவர்களுக்கு வேண்டாம். இறங்கி ஒரு கல்லறைக்கல் முன் நிற்க முடியாத பயணத்தில் இந்த இடங்கள் வெறும் கட்டடங்களாகத்தான் தெரியும்.

சரி, போட்கூஷே. இங்கே மட்டும் ஏன் தனியாகப் போகச் சொல்கிறேன்? இங்கே இருக்கும் இடங்கள் தாங்களே பேசும்படி அமைந்திருக்கின்றன. கஸிமியெஷிலிருந்து பெர்னாடெக் நடைபாலம் வழியாக ஆற்றைத் தாண்டினால், ஷெரோகா தெருவிலிருந்து மொத்தம் இருபது இருபத்தைந்து நிமிட நடையில் கெட்டோ வீரர்கள் சதுக்கம் வந்துவிடும். முகாம்களுக்கு அனுப்ப மக்களைத் திரட்டிய இடம். 2005-இல் இங்கே வெறும் நாற்காலிகளை நினைவுச்சின்னமாக நிறுத்தினார்கள்: உலோகத்தில் செய்த 33 பெரிய நாற்காலிகள், ஓரங்களில் சின்னவை. கெட்டோவைக் காலி செய்தபின் வீடுகளிலிருந்து தூக்கிப்போட்ட மேசை நாற்காலிகள் இந்தச் சதுக்கத்தில் குவிந்து கிடந்தன. அதன் நினைவு இது. இங்கே ஒரு குழுவோடு நின்று பத்து நிமிட உரை கேட்பதைவிட, ஒரு ஓரமாகச் சும்மா நிற்பது மேல் என்பது என் எண்ணம்.

சதுக்கத்தின் மூலையில் இருக்கிறது கழுகு மருந்துக்கடை. அதை நடத்திய ததேயுஷ் பன்கியெவிச் யூதர் அல்ல, போலந்துக் கத்தோலிக்கர். கெட்டோ வந்தபோது கடையைக் காலி செய்யாமல் அங்கேயே இருக்க அனுமதி வாங்கிக்கொண்டார். அவரும் அவரிடம் வேலை பார்த்த மூன்று பெண்களும் மருந்து கொடுத்தார்கள், வெளியுலகச் செய்தி கொண்டுவந்தார்கள், ஆட்களை ஒளித்துவைத்தார்கள். வயதானவர்கள் இளமையாகத் தெரிந்தால் பிழைக்கலாம் என்பதால் தலைச்சாயம் கொடுத்தார்கள். சோதனையின்போது குழந்தைகள் அழுது காட்டிக்கொடுத்துவிடாமல் இருக்க மயக்க மருந்து கொடுத்தார்கள். யூதப் படுகொலைக்கான இஸ்ரேலின் நினைவு நிறுவனமான யாத் வாஷெம், யூதர்களைக் காப்பாற்றிய யூதரல்லாதவர்களுக்குத் தரும் ‘நீதிமான்’ பட்டத்தை 1983-இல் பன்கியெவிச்சுக்கு வழங்கியது. இன்று அந்தக் கடை சிறு அருங்காட்சியகம். இழுப்பறைகளையும் அலமாரிகளையும் நாமே திறந்து பார்க்கலாம். உள்ளே புகைப்படங்களும் நினைவுக் குறிப்புகளும் இருக்கும். இது ஒவ்வொருவரும் தன் வேகத்தில் பார்க்க வேண்டிய இடம். பின்னால் ஒரு குழு காத்து நிற்கும்போது இழுப்பறையைத் திறந்து வைத்துக்கொண்டு நிதானமாக வாசிக்க முடியாது.

அங்கிருந்து கொஞ்சம் தள்ளி ல்வோவ்ஸ்கா தெருவில் கெட்டோ சுவரின் ஒரு துண்டு மிச்சம் இருக்கிறது. சுவரின் மேல்விளிம்பு கல்லறைக்கல் போல வளைவு வளைவாக இருக்கும். வேண்டுமென்றே அப்படிக் கட்டினார்கள், உள்ளே இருப்பவர்கள் தினமும் பார்க்கட்டும் என்று. பக்கத்தில் இன்று சாதாரணக் குடியிருப்புகள், பால்கனியில் துணி காயும். மேப்பில் குறித்துவைத்துக்கொண்டு போனால் எளிதில் கண்டுபிடிக்கலாம், கைடு தேவையில்லை.

லிப்போவா தெருவில் உள்ள ஷிண்ட்லர் தொழிற்சாலை 2010 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. பெயரைப் பார்த்து முழுக்க ஷிண்ட்லர் கதை என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுகிறார்கள். கண்காட்சி 1939 முதல் 1945 வரை நாஜிகளின் கீழ் இருந்த கிராக்கோவைப் பற்றியது. ஷிண்ட்லரின் அலுவலக அறையும், அங்கே செய்த எனாமல் பாத்திரங்கள் நிரப்பிய கண்ணாடிக் கூண்டும், அதன் உள்ளே அவர் காப்பாற்றியவர்களின் பெயர்களும் ஒரு பகுதி மட்டுமே. அறைகள் குறுகலானவை, குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். கைடோடு போனால் ஒன்றரை மணி நேரத்தில் வெளியே தள்ளிவிடுவார்கள். தனியாகப் போனால் இரண்டு மூன்று மணி நேரம் இருக்கலாம். ஆனால் சீட்டில் நேரம் குறித்திருப்பார்கள், கோடையில் பல நாள் முன்பே தீர்ந்துவிடும். போலந்துக்கு விமானம் ஏறும் முன்பே இணையத்தில் வாங்கிவிடுவது நல்லது. கடைசி நேரத்தில் சீட்டு இல்லை என்றால் மட்டும் கைடோடு சேர்ந்த சீட்டைத் தேடலாம். கைடு அமர்த்தச் சொல்வதற்கு போட்கூஷேயில் எனக்குத் தெரிந்த ஒரே காரணம் அதுதான்.

ப்ளாஷோவ் முகாமுக்கு நேரம் இருந்தால் போகலாம். இரண்டு யூதக் கல்லறைத் தோட்டங்களின் மேல் நாஜிகள் கட்டிய வதைமுகாம். இன்று பெரும்பாலும் புல்வெளி, நடுநடுவே தகவல் பலகைகள். பக்கத்திலுள்ள லிபான் கல்குவாரியில் முள்வேலிக் கம்பங்கள் தெரியும். அதைப் பார்த்து இதுதான் முகாம் என்று எண்ணிவிட வேண்டாம், அவற்றில் பல ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ படப்பிடிப்புக்காக அங்கே போட்ட செட்டின் மிச்சம். பலகைகளைப் படித்துக்கொண்டு நடந்தால் போதும்.

எந்த வழியை எடுத்தாலும் சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். யூதர்களின் வாராந்திர ஓய்வுநாள் என்பதால் ரெமுவும் கல்லறையும் மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை பிற்பகலிலேயே சீக்கிரம் மூடிவிடுவார்கள். யூதப் பண்டிகை நாட்களிலும் இதே கதை. சனிக்கிழமைதான் கிடைக்கிறது என்றால் அன்று போட்கூஷேயை வைத்துக்கொண்டு, கஸிமியெஷை ஞாயிறுக்கு மாற்றுங்கள். ஆலயத்திலும் கல்லறையிலும் ஆண்கள் தலையை மூட வேண்டும். தொப்பி இல்லாதவர்களுக்கு வாசலிலேயே கிப்பா என்னும் சின்ன யூதத் தொப்பி கொடுப்பார்கள். ஆஷ்விட்ஸ் போய் வந்த அதே நாள் மாலையில் இவற்றில் எதையும் வைக்காதீர்கள், மனசு தாங்காது.

கைடைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்க்கும் இன்னொரு விஷயம், இன்றைய யூதர்களைப் பற்றி அவர் ஏதாவது சொல்கிறாரா என்பது. கிராக்கோவ் கடைகளில் கையில் காசு வைத்திருக்கும் யூதர் பொம்மைகள் விற்கும். வீட்டில் வைத்தால் பணம் சேரும் என்ற நம்பிக்கை. அந்தப் பொம்மை யூதர்களை ஏன் புண்படுத்துகிறது என்று விளக்கத் தயங்காத கைடு மற்ற விஷயங்களையும் நேர்மையாகச் சொல்வார்.

மியோடோவா தெருவில் 2008-இல் திறந்த யூத சமூக மையம் இருக்கிறது. தாத்தா பாட்டி யூதர் என்று வயதான பிறகே தெரிந்துகொண்டவர்களும் அங்கே வருகிறார்கள். முன்பதிவு செய்தால் வெள்ளிக்கிழமை இரவு ஓய்வுநாள் விருந்தில் வெளியூர்க்காரர்களும் உட்காரலாம். 1988-இல் தொடங்கிய யூதப் பண்பாட்டு விழா கோடையில் நடக்கும். அந்த நாட்களில் போக முடிந்தால் நடைகளில் இடம் கிடைப்பது கஷ்டம், அறை வாடகையும் ஏறும், ஆனாலும் நான் அதையே தேர்ந்தெடுப்பேன். டிசம்பரில் போகிறவர்கள் நடையைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.